சாவுச் சேதியும் சில முந்திரிக்கொட்டைகளும்

2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. செம்பூரில் வழக்கம்போல் லோக்கலில் தொற்றிக்கொண்டு நிற்கிறேன். எதிரில் நின்ற குஜராத்திக்காரர் போனைப் பார்த்துவிட்டு, "தரம்ஜி போய்விட்டார்" என்றார். குர்லா வருவதற்குள் பெட்டி முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஒருவர் ஷோலே வசனம் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் 'சுப்கே சுப்கே' படம் பற்றி. எனக்கும் நாலு பேர் பூவோடு, விளக்கோடு அனுப்பியாகிவிட்டது. நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்து காபி எடுப்பதற்குள் மகள் ஈஷா தியோல் மறுப்பு போட்டுவிட்டார். அப்பா உயிரோடு இருக்கிறார், தேறி வருகிறார், எங்களைக் கொஞ்சம் தனியாக விடுங்கள் என்று. ஹேமமாலினியும் (தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மன்குடிக்காரர், நம்ம ஊர்ப் பெண்தான்) கோபமாக எழுதினார். பெரிய பெரிய ஆட்கள் போட்ட அஞ்சலிகள் எல்லாம் ஓசைப்படாமல் அழிக்கப்பட்டன.

மறுநாள் தர்மேந்திரா வீட்டுக்கே வந்துவிட்டார். நவம்பர் 24ஆம் தேதிதான் இறந்தார். 90 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. இந்த முறை குடும்பம் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊர் சுதாரிப்பதற்குள் வில்லே பார்லேயில் தகனம் முடிந்துவிட்டது. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க முடியவில்லையே என்று ரசிகர்களுக்கு மனத்தாங்கல். இருக்காதா பின்னே. ஆனால் பதின்மூன்று நாளைக்கு முன்னால் உயிரோடு இருந்த மனிதனுக்கு ஊரே மாலை போட்டதை அந்த வீடு எப்படி மறக்கும்?

அன்று ரயிலில் எனக்கு ஷோலே நினைவு வரவில்லை. ஜஸ்லோக் ஆஸ்பத்திரிதான் வந்தது. இந்த விஷயத்தில் நானும் யோக்கியன் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜஸ்லோக், இங்கே பெடர் ரோட்டில் இருக்கிறது. எமர்ஜென்சியில் சிறை வைக்கப்பட்டு, சிறுநீரகம் கெட்டு வெளியே வந்த ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு டயாலிசிஸ் நடந்தது அங்கேதான். 1979 மார்ச்சில் நிலைமை மோசமாகி அங்கே படுத்திருந்தார். மார்ச் 22 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து, ஜெ.பி. காலமானார் என்று அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது. வானொலி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்தியது. பள்ளிக்கூடங்களை விட்டார்கள், கடைகளை அடைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். மேலே கட்டிலில் ஜெ.பி. உயிரோடு இருந்தார்!

எங்கள் சொசைட்டியில் ஒரு மாமா இருக்கிறார், எழுபதுகளில் கும்பகோணத்திலிருந்து வந்து கோட்டைப் பக்கம் பாங்க் வேலையில் இருந்தவர். "ஷட்டரை இழுத்துட்டு நாங்க எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னோம்டா. ஆத்துக்கு வந்து குளிச்சப்புறம் இல்லேன்னு சொல்றா. குளிச்சது குளிச்சதுதானே" என்பார். இத்தனைக்கும் அறிவித்தவர் யார்? ஜெ.பி. இல்லாவிட்டால் பிரதமராகியிருக்கவே முடியாதவர். சொன்ன இடம் பாராளுமன்றம். வதந்திக்கு இதைவிடப் பெரிய முத்திரை கிடையாது. சில வாரம் கழித்து விஷயத்தைச் சொன்னபோது ஜெ.பி. சிரித்தாராம். அவர் இறந்தது அக்டோபர் 8, பாட்னாவில். இரண்டாம் முறை துக்கம்.

இதெல்லாம் டிவிக்காரன் கெடுத்த கெடுதல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1979இல் சேனலும் இல்லை, டி.ஆர்.பி.யும் இல்லை. அரசாங்கமே முந்திரிக்கொட்டையாக இருந்தது.

ஐந்து வருடத்தில் அதே அரசு வானொலி தலைகீழாக நடந்துகொண்டது. 1984 அக்டோபர் 31 காலை ஒன்பதேகாலுக்கு மேல் இந்திரா காந்தி சுடப்பட்டார். இறந்ததாக எய்ம்ஸ் டாக்டர்கள் சொன்ன நேரம் பிற்பகல் 2.20. ஆல் இந்தியா ரேடியோ அதைச் சொன்னபோது மாலை ஆறு. அதற்குள் பி.பி.சி. சொல்லிவிட்டது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பி.பி.சி. கேட்டுத்தான் நிலைமையைத் தெரிந்துகொண்டார் என்பார்கள். எங்கள் ஊரில் மதியமே பள்ளிக்கூடம் விட்டாயிற்று. வாத்தியார்களுக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், ரேடியோவுக்கு மட்டும் தெரியாது. டிரான்சிஸ்டரைத் திருகித் திருகி என் அப்பா கை வலித்ததுதான் மிச்சம்.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த பிரதமர் யார் என்று முடிவாக வேண்டும், கலவரம் வரும் என்ற பயம். ஆனால் அதே அரசின் தூர்தர்ஷன் தீன்மூர்த்தி பவனில் வைத்த உடலை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்றவர்கள் போட்ட 'ரத்தத்துக்கு ரத்தம்' கோஷமும் சேர்ந்து வீடு வீடாகப் போனது. பின்னால் விசாரணைகளில் இதைப் பலர் சொன்னார்கள். டில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசு கணக்கில் 2,733 பேர். சேதியை மணிக்கணக்கில் பொத்தி வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கேமராவின் ஒலியைக் குறைக்கத் தெரியவில்லை.

கலவர பயம் வெறும் சாக்கு இல்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன். 2006 ஏப்ரல் 12, கன்னட ராஜ்குமார் இறந்த அன்று வேலை விஷயமாக பெங்களூரில் இருந்தேன். மதியமே ஆபீஸை மூடி வேனில் ஏற்றினார்கள். வழியெல்லாம் கண்ணாடிச் சில்லு. இரண்டு நாளில் போலீஸ்காரர் ஒருவர் உட்பட எட்டுப் பேர் செத்தார்கள். தகப்பனைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டிய நிலைமை.

சரி, நம்ம சமாசாரத்துக்கு வருகிறேன். ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சாவுச் சேதி என்றாலே தனி இலக்கணம். அப்பா காலத்தில் தந்தி. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி' என்று வரும். சீரியஸ் என்றால் என்ன என்று கொடுத்தவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்குள் முப்பது மணி நேர ரயில் பயணத்துக்கு வேண்டிய நம்பிக்கையைப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். வாசலில் செருப்புக் குவியலைப் பார்க்கும் வரை அந்தப் பொட்டலம் பிரியாது. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே எஸ்.டி.டி. வந்து, செல்போன் வந்து, நடுராத்திரி ரிங் அடித்தாலே வயிற்றைக் கலக்கும் காலம் வந்துவிட்டது. ஆனாலும் 'சீரியஸ்' என்ற சொல் மட்டும் போகவில்லை. போனிலும் அதையேதான் சொல்கிறோம். யாரிடம், எப்போது, யார் வாயால் சொல்வது என்பதில் நம் வீடுகளுக்கு ஒரு முறை இருந்தது. பெரிய மனிதர்கள் விஷயத்தில் அந்த முறை செல்லுபடியாவதில்லை. அவர்கள் வீட்டுச் சாவு ஊருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இது கொஞ்சம் கூடுதல். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்போலோவில் சேர்க்கப்பட்டு, பிறகு அமெரிக்காவில் ப்ரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பரில் தேர்தல். இருக்கிறாரா இல்லையா என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் ஆஸ்பத்திரியில் தேறி வருவதைப் படமெடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். ஜனம் பார்த்தது, அழுதது, ஓட்டுப் போட்டது. 1987 டிசம்பர் 24இல் அவர் இறந்தபோது ராஜாஜி ஹாலில் தலைமாட்டில் மணிக்கணக்கில் நின்ற ஜெயலலிதாவை, பீரங்கி வண்டியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். கேமரா இல்லையென்றால் அது வெறும் கட்சிக்காரர் வாய்ப்பேச்சாக மறைந்திருக்கும். ஆகவே சாவு வீட்டில் கேமராவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

இருபத்தொன்பது வருடம் கழித்து அதே ராஜாஜி ஹாலில் அவர் உடல். அதற்கு முன்னால் அப்போலோவில் 75 நாள். 2016 செப்டம்பர் 22 முதல் ஒரு போட்டோ வெளிவரவில்லை. இட்லி சாப்பிட்டார், பேசினார் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எங்கள் செம்பூர் வீட்டில் வேலைக்கு வரும் மராட்டிப் பெண்மணிகூட "உங்க அம்மா எப்படி இருக்காங்க" என்று தினமும் கேட்பார். என்ன பதில் சொல்வது? எங்களுக்கும் அவருக்கும் தெரிந்தது ஒன்றேதான். டிசம்பர் 5 சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்குப் பல தமிழ்ச் சேனல்கள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் மறுபடி ஏறியது. கொடி இறங்கி ஏறியதை டிவியில் பார்த்த என் அம்மா, போனில், "இது என்னடா பாவம், பொம்பளையை ரெண்டு தடவை சாகடிக்கிறாங்க" என்றாள். இரவு 11.30க்கு இறந்தார் என்று நள்ளிரவுக்கு மேல் அறிவிப்பு வந்தது. அதோடும் முடியவில்லை. ஆறுமுகசாமி கமிஷன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தபோது, டிசம்பர் 4 பிற்பகலிலேயே இறந்திருக்க வேண்டும் என்று சாட்சிகளை வைத்துச் சொன்னது. ஆறு வருடம் பழைய முதலமைச்சர் ஒருவரின் திதி எது என்பதிலேயே வழக்கு.

நடுவில் இன்னொன்று. 2017 டிசம்பர் 20, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முதல் நாள், தினகரன் அணியைச் சேர்ந்த வெற்றிவேல் ஒரு வீடியோவை வெளியிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி ஜெயலலிதா ஏதோ குடிக்கிறார். இருபது நொடி. 1984இல் எம்.ஜி.ஆர். படத்தைக் காட்டியபோது அவர் உயிரோடு இருந்தார், தேறித் திரும்பி வந்தார். இந்தப் பெண்மணி வாழ்நாளெல்லாம் முகத்தில் ஒரு சோர்வு தெரியாமல் வெளியே வந்தவர். வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை. தேர்தல் நேரத்து விதிமீறல் என்று வழக்குப் பதிந்தார்கள். அவருடைய மானத்துக்காக யாரும் வழக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள், முதல் 75 நாளில் ஒழுங்கான டாக்டர் அறிக்கையைத் தினம் ஒரு முறை, பொறுப்பானவர் ஒருவர் வாயால் சொல்லியிருந்தால் அந்த வீடியோவுக்கு இவ்வளவு விலை இருந்திருக்குமா? மாநிலத்தை ஆளும் ஒருவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறாரா என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம். அவர் எந்தக் கோப்பையில் என்ன குடித்தார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. நமக்கு முதலாவதைச் சொல்லவில்லை, இரண்டாவதைக் காட்டினார்கள்.

சினிமாக்காரர்கள் விஷயத்தில் அந்த முதல் நியாயமும் கிடையாது. அவர்கள் கையெழுத்தில் எந்த அரசாங்கமும் ஓடுவதில்லை.

2005 ஜனவரியில் ஜுஹுவில் பர்வீன் பாபி தன் வீட்டில் இறந்து கிடந்தார். வாசலில் பால் பாக்கெட்டும் பேப்பரும் எடுக்காமல் சேர்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்தி நியூஸ் சேனல்கள் அப்போதுதான் முளைத்துப் போட்டி போட ஆரம்பித்திருந்தன. வருடக்கணக்காக அந்த மணியை அடிக்காதவர்கள் எல்லாம் அன்று அந்தப் படிக்கட்டில் மைக்கோடு நின்றார்கள்.

2018 பிப்ரவரி 24 இரவு ஸ்ரீதேவி துபாய் ஓட்டலில் இறந்தார். நம்ம சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த பெண். முதலில் மாரடைப்பு என்று சேதி. பிறகு, நினைவிழந்து குளியல் தொட்டியில் மூழ்கியதால் என்று துபாய் போலீஸ் சொன்னது. அவ்வளவுதான், நம் சேனல்களுக்குத் தொட்டி கிடைத்துவிட்டது. ஒரு இந்திச் சேனல் 'மரணத் தொட்டி' என்று தலைப்பே வைத்தது. கிராபிக்ஸில் தொட்டி, அதில் அவர் படம். தெலுங்கு நிருபர் ஒருவர் நிஜத் தொட்டியிலேயே இறங்கிப் படுத்துக் காண்பித்தார். நான் மிகைப்படுத்தவில்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம், எத்தனை கிளாஸ் என்று மூன்று நாள் ஓடியது. துபாய் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விபத்து என்று கோப்பை மூடியது பிப்ரவரி 27. அன்று இரவு உடல் மும்பை வந்தது.

மறுநாள் அந்தேரி லோகண்ட்வாலாவில் உள்ள கிளப்பில் அஞ்சலி. குடும்பம் விடுத்த குறிப்பில் ஒரு வரி உண்டு. பத்திரிகைக்காரர்களும் வந்து மரியாதை செலுத்தலாம், ஆனால் கேமரா முதலான கருவிகளை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்று. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வராதே என்று சொல்லவில்லை. துக்கம் கேட்க வருவதானால் துக்கம் கேட்கிறவனாக வா, அவ்வளவுதான். கோயில் வாசலில் செருப்பு விடுவது போல. என் ஆபீஸ் அந்தேரியில் என்பதால் அன்று டிராபிக்கில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டேன். எரிச்சல்பட மனம் வரவில்லை.

இதற்கு மேல் கேவலப்பட முடியாது என்று நினைத்தேன். 2020 ஜூன் 14, சுஷாந்த் சிங் ராஜ்புத். வயது 34. எப்படி என்ற விவரம் இங்கே வேண்டாம், நாடு முழுக்க அதைத்தானே மாதக்கணக்கில் பார்த்தது. பாந்த்ரா வீட்டில் எடுத்த உடலின் படங்கள் வாட்ஸப்பில் சுற்றின. பரப்பாதீர்கள் என்று மகாராஷ்டிரா சைபர் போலீஸ் எச்சரிக்க வேண்டி வந்தது. 'ஹிட் விக்கெட்' என்று தலைப்பு வைத்தது ஒரு சேனல். பாட்னாவில் மகனை இழந்த தகப்பன் முகத்துக்கு நேரே மைக். அப்புறம் கதை கொலை ஆயிற்று, மாந்திரீகம் ஆயிற்று, போதை மருந்து ஆயிற்று. தோழி ரியா சக்கரவர்த்தியை ஒவ்வொரு இரவும் ஸ்டுடியோவில் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள், அவர் அங்கே இல்லாமலே. செப்டம்பரில் போதைப்பொருள் வழக்கில் கைதாகி 28 நாள் உள்ளே இருந்தார். ஒளிபரப்பாளர்களின் சொந்த ஒழுங்குமுறை அமைப்பே அக்டோபரில் நாலு சேனல்களை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஒரு லட்சம்! 2021 ஜனவரி 18இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஊடக விசாரணை பற்றி நீண்ட தீர்ப்பு எழுதி, தற்கொலைச் செய்தியில் இறந்தவரைக் கோழையாகச் சித்தரிக்காதே என்பது உட்பட வழிமுறைகள் வகுத்தது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்துவைத்தது. யாரும் கொல்லவில்லை. அந்தச் செய்திக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 'என்னைத் தனியாக விடு' என்று கேட்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது நம்ம ஆட்டோ சங்கர் வழக்கில்தான். 2017இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். எல்லாம் உயிரோடு இருக்கும் வரை. தலைவி படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா போனபோது, அந்த உரிமை இறப்போடு முடிகிறது, வாரிசுக்குச் சொத்து மாதிரி வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. சுஷாந்தின் அப்பா தொடுத்த வழக்கில் 2023இல் டில்லி உயர் நீதிமன்றமும் அப்படியே. ஆனால் 1995இல் உச்ச நீதிமன்றம், மனித கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறது. ஆக உடலுக்குக் கண்ணியம் இருக்கிறது, உடலின் போட்டோவுக்கு இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். வக்கீல்கள் திருத்தலாம்.

நீதிமன்றத்தின் கஷ்டமும் தெரிகிறது. செத்தவருக்கெல்லாம் அந்தரங்க உரிமை என்று எழுதிவிட்டால், நாளைக்கு எந்தத் தலைவரின் வரலாற்றையும் பேரன் கையெழுத்தில்லாமல் எழுத முடியாது. ராஜாஜி ஹால் போட்டோவும் வந்திருக்காது. என்னைக் கேட்டால், சட்டம் காக்க வேண்டியது செத்தவரைக்கூட இல்லை. அந்த முதல் சில மணி நேரத்தில், இன்னும் சேதி போய்ச் சேராத உறவை. ரயிலில் வந்துகொண்டிருப்பவரை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். 2019. என் மாமா, அம்மாவின் தம்பி, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் இருந்தார். நாக்பூரில் இருக்கும் மாமா மகளிடம் 'அப்பாவுக்கு சீரியஸ்' என்று சொல்லி ரயிலேற்றியிருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரிலிருந்து என் பழைய சிநேகிதன் போன் பண்ணினான். "மாமா தவறிட்டாராமேடா." நான் யாரிடமும் கேட்கவில்லை. குடும்ப குரூப்பில் அறுபத்து மூன்று பேர். மாமாவின் பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, கைகூப்பும் பொம்மை போட்டு, 'மாமா இனி இல்லை' என்று எழுதி அனுப்பினேன். எல்லோருக்கும் முன்னால் நான். உண்மையைச் சொன்னால், அந்த நொடி துக்கத்தோடு வேறு ஒன்றும் இருந்தது. செய்தி என் வழியாகப் போகிறது என்கிற ஒரு இது.

இருபது நிமிடத்தில் அத்தையின் அண்ணன் கூப்பிட்டார். "யார்டா உன்கிட்ட சொன்னா? டாக்டர் இன்னும் எதுவும் சொல்லலியே." அழித்துவிட்டேன். ஆனால் அவள் பார்த்துவிட்டிருந்தாள். விஜயவாடாவுக்கு முன்னால் எங்கோ, பெட்டியில் லைட் அணைத்த பிறகு. பார்த்ததும் போனை அணைத்துவிட்டாள். மறுப்பு அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தை இரவெல்லாம் அவள் நம்பரை அடித்துக்கொண்டிருந்தாள், போனை மாமா காதில் வைத்து ஒரு வார்த்தை பேசவைக்கலாம் என்று. கேட்குமோ கேட்காதோ, காது கடைசி வரை கேட்கும் என்று நர்ஸ் சொன்னாளாம்.

மாமா விடிகாலை நாலரைக்குப் போனார். அவள் சென்ட்ரலில் இறங்கிப் போனைப் போட்டபோது ஆறு மணி.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இலை போட்டுப் பரிமாறினாள். ரயில் எத்தனை மணிக்கு, பையனுக்கு என்ன வாங்கினீர்கள் அத்தான், என்று சாதாரணமாகத்தான் பேசினாள். குரூப்பில் மட்டும் இப்போது அவள் இல்லை.